19ஆம் நூற்றாண்டு குவேக்கர் குடும்பத்தின் டைரிகளையும் கடிதங்களையும் படிப்பது எப்படி: ஏர்லம் கர்னிகளை வைத்து ஒரு முழு வழிகாட்டி

குவேக்கர் வீடுகளில் காகிதத்தைத் தூக்கி எறியும் பழக்கம் குறைவு. டைரி, கடிதம், வரவு செலவு நோட்டு, திருமணச் சான்றிதழ், பள்ளியிலிருந்து பிள்ளை எழுதிய கடிதம் என்று எல்லாவற்றையும் கட்டி வைத்து அடுத்த தலைமுறைக்குக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வங்கி, ரயில், சிறைச் சீர்திருத்தம், அடிமை ஒழிப்பு என்று எதைத் தோண்டினாலும் எங்கோ ஒரு குவேக்கர் குடும்பத்தின் பெட்டி தட்டுப்படுகிறது. பெட்டி கிடைத்துவிட்டதே என்று டைரியைத் திறந்தால் சிக்கல் தொடங்கும். தேதி புரியாது, ஒரே பெயரில் நான்கு பேர் வருவார்கள், பக்கம் பக்கமாகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருப்பார்கள், அந்த வாரம் வீட்டில் நடந்த பெரிய விஷயம் மட்டும் இருக்காது.

இந்த வழிகாட்டிக்கு நான் எடுத்துக்கொண்டது நார்விச் நகருக்குப் பக்கத்தில் ஏர்லம் ஹாலில் வாழ்ந்த கர்னி குடும்பம். சிறைச் சீர்திருத்தத்துக்குப் பெயர்போன எலிசபெத் ஃபிரை (1780–1845) பிறந்த குடும்பம் அது. 2002 முதல் பல வருடங்கள் இங்கிலாந்தின் ஐந்து பவுண்டு நோட்டில் இருந்த அந்தத் தொப்பிக்காரம்மாதான். வேறு குவேக்கர் குடும்பத்தைப் படிப்பவர்களுக்கும், அது டார்லிங்டன் பீஸ் குடும்பமோ ஃபால்மத் ஃபாக்ஸ் குடும்பமோ, இதே வழிமுறை ஒத்து வரும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாமே அதை எப்படிச் செய்வது என்பதுதான்: குவேக்கர் டைரியைத் தனியாக வைத்துப் படிக்காதீர்கள். அது மனதில் பட்டதையெல்லாம் கொட்டிய நோட்டு அல்ல. எதை எழுதலாம், எதை எழுதக்கூடாது என்று ஒரு சமூகமே பழக்கி வைத்த கை எழுதியது. பக்கத்தில் கடிதமும், சபையின் பதிவேடும், இன்னொருவரின் டைரியும் இருந்தால்தான் அது வாய் திறக்கும்.

குவேக்கர்கள் யார் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 17ஆம் நூற்றாண்டில் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரைச் சுற்றி உருவான கிறிஸ்தவக் குழு. தங்களை நண்பர்கள் சங்கம் என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். சம்பளம் வாங்கும் பாதிரியார் கிடையாது. கூடி மௌனமாக உட்கார்ந்திருப்பார்கள், யாருக்காவது பேச வேண்டும் என்று உள்ளே தோன்றினால் எழுந்து பேசலாம், ஆணானாலும் பெண்ணானாலும். சத்தியப் பிரமாணம் செய்ய மாட்டார்கள், போருக்குப் போக மாட்டார்கள், அந்தக் காலத்தில் மரியாதைக்காக யாருக்கும் தொப்பியைக் கழற்றவும் மாட்டார்கள். சரி, வேலைக்கு வருவோம்.

படி 1: டைரியைத் தொடும் முன் வம்சாவளியை எழுதுங்கள்

நம் ஊரில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைத்து, வீட்டுக்கு வீடு ஒரு சுப்பிரமணியன் இருப்பது மாதிரிதான் இங்கேயும். ஜோசப் என்று பார்த்தால் எலிசபெத்தின் கணவர் ஜோசப் ஃபிரை, தம்பி ஜோசப் ஜான் கர்னி, சித்தப்பா ஜோசப் கர்னி என்று வரிசையாக வருவார்கள். ஜான், சாமுவேல், ஹன்னா, ரேச்சல் எல்லாம் இதே கதை.

ஜான் கர்னிக்கும் கேத்தரின் பெல்லுக்கும் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் பதினொரு பேர்: கேத்தரின், ரேச்சல், எலிசபெத், ஜான், ரிச்செண்டா, ஹன்னா, லூயிசா, பிரிசில்லா, சாமுவேல், ஜோசப் ஜான், டேனியல். 1792இல் அம்மா இறந்துபோனார், மூத்தவள் கேத்தரின்தான் வீட்டைப் பார்த்துக்கொண்டாள். இந்த ஒரு தகவல் இல்லாமல் அந்த வீட்டுப் பெண்களின் கடிதங்களைப் படித்தால், அக்காவிடம் ஏன் இப்படிப் பயந்து பயந்து எழுதுகிறார்கள் என்று குழம்பிப் போவீர்கள்.

பெரிய தாள் ஒன்றை எடுத்து ஒவ்வொருவருக்கும் பிறந்த வருடம், இறந்த வருடம், கல்யாண வருடம், வீட்டில் கூப்பிட்ட பெயர் நான்கையும் குறியுங்கள். எலிசபெத் வீட்டில் பெட்சி, கேத்தரின் கிட்டி. கல்யாணத்தால் வந்த உறவையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் அந்தக் காலத்தில் மைத்துனரையும் தம்பி என்றே எழுதுவார்கள், மாமியாரையும் அம்மா என்றே எழுதுவார்கள். வயதை வைத்துத் தலைமுறையைக் கணக்குப் போடவும் முடியாது. எலிசபெத்துக்குப் பதினொன்றாவது பிள்ளை 1822இல் பிறந்த அதே நாளில்தான் அவருடைய முதல் பேரனும் பிறந்தான்.

நம்மவர்களுக்கு ஒரு கூடுதல் எச்சரிக்கை. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் இந்தக் குடும்பங்களில் சாதாரணமாக நடந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் தங்களுக்குள் மணம் செய்வதை குவேக்கர் விதி 1883 வரை அனுமதிக்கவில்லை. ஆனால் குவேக்கர் குவேக்கரைத்தான் கட்ட வேண்டும் என்ற விதியும் கூடவே இருந்ததால், இன்னும் கொஞ்சம் தள்ளிய சொந்தத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொடுத்து வாங்கினார்கள். கர்னி, ஃபிரை, பார்க்லே, ஹோர், பீஸ், பேக்ஹவுஸ் என்ற அதே சில குடும்பப் பெயர்கள் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான். வங்கிக் கடனும் ரயில்வே முதலீடும் அதே வழியில் போனது. 1826இல் டார்லிங்டன் ஜோசப் பீஸ், நார்விச்சின் எம்மா கர்னியை மணந்ததை வெறும் கல்யாணச் செய்தியாகப் படித்தால் பாதிதான் புரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

படி 2: தேதியை நம் தேதிக்கு மாற்றுங்கள்

கிழமைப் பெயர்களும் பல மாதப் பெயர்களும் பழைய தெய்வங்களின் பெயர்கள் என்று குவேக்கர்கள் அவற்றைத் தவிர்த்தார்கள். ஞாயிறு முதல் நாள், திங்கள் இரண்டாம் நாள், சனி ஏழாம் நாள். மாதங்களும் எண்தான்.

19ஆம் நூற்றாண்டுக்கு இது எளிது, முதல் மாதம் என்றால் ஜனவரி. ஆபத்து எங்கே என்றால், அதே பெட்டியில் தாத்தா காலத்துக் கடிதங்களும் இருக்கும். 1752க்கு முன்னால் இங்கிலாந்தில் வருடம் மார்ச்சில் தொடங்கியது, அப்போது குவேக்கர்களின் முதல் மாதம் மார்ச். 1740, பதினொன்றாம் மாதம் என்று இருந்தால் நம் கணக்கில் அது 1741 ஜனவரி. வருடமே மாறிவிடுகிறது பாருங்கள்.

சந்தேகம் வந்தால் கிழமையை வைத்துச் சரிபாருங்கள். எலிசபெத்தின் கல்யாணம் 1800 ஆகஸ்ட் 19. குவேக்கர் எழுத்தில் அது எட்டாம் மாதம் 19, மூன்றாம் நாள். காலண்டரைப் பார்த்தால் செவ்வாய்க்கிழமை, பொருந்துகிறது. கிழமை பொருந்தாவிட்டால் எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள், இல்லையென்றால் எழுதியவரே தவறியிருக்கிறார். குறிப்பெடுக்கும்போது மூலத்தில் உள்ளபடி ஒரு பத்தியிலும், மாற்றிய தேதியை இன்னொரு பத்தியிலும் வைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய தேதியை மட்டும் எழுதி வைத்தால் பிறகு சரிபார்க்க வழியே இருக்காது.

இன்னொன்று: எண் தேதி போடுகிறாரா, சாதாரண மாதப் பெயர் போடுகிறாரா என்பதே ஒரு செய்தி. ஏர்லம் பிள்ளைகள் சிறுவயதில் உலகத்தாரைப் போலவே எழுதினார்கள். ஒருவர் எப்போது எண்ணுக்கு மாறுகிறார் என்று பார்த்தால், அவர் எப்போது கட்டுப்பாடான குவேக்கர் ஆனார் என்று ஓரளவு பிடித்துவிடலாம்.

படி 3: அச்சான பதிப்பிலிருந்து தொடங்குங்கள், ஆனால் நம்பாதீர்கள்

கையெழுத்துப் பிரதிக்கு நேராகப் போவது வீரமாகத் தெரியும், நேரம்தான் வீணாகும். எலிசபெத் இறந்த இரண்டே வருடத்தில், 1847இல், அவருடைய மகள்கள் கேத்தரினும் ரேச்சலும் டைரியிலிருந்தும் கடிதங்களிலிருந்தும் பகுதிகளைத் தொகுத்து இரண்டு பாகமாக வெளியிட்டார்கள். 1895இல் அகஸ்டஸ் ஹேர் ஏர்லம் கர்னிகளைப் பற்றி ஒரு பெரிய தொகுப்பு போட்டார். இரண்டும் காப்புரிமை முடிந்தவை, இணைய ஆவணக் களஞ்சியத்தில் ஸ்கேன் பிரதியாகவே கிடைக்கும். முதலில் இவற்றை ஓட்டமாகப் படித்து, எந்தத் தேதிக்கு எந்தப் பக்கத்தில் என்ன வருகிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். பிறகு கையெழுத்தில் திணறும்போது இது ஊன்றுகோலாக இருக்கும்.

ஏன் நம்பக்கூடாது? தொகுத்தவர்கள் மகள்கள். அவர்களில் ரேச்சல் 1821இலேயே குவேக்கர் அல்லாத ஒருவரைக் கட்டிக்கொண்டு வெளியே போனவர். அம்மாவின் பெயர் உலகம் முழுக்கத் தெரிந்திருந்த நேரம், உறவினர்கள் பலரும் உயிரோடு இருந்தார்கள். எழுத்துப்பிழை மலிந்த அம்மாவின் எழுத்தைத் திருத்தினார்கள், வாக்கியத்தைச் சீராக்கினார்கள், குடும்பச் சண்டையையும் மனச் சோர்வையும் மெலிதாக்கினார்கள். அவர்களைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை, யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நாம்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

இதைச் சோதிக்க நல்ல வழி: முக்கியமான பத்துப் பன்னிரண்டு தேதிகளைத் தேர்ந்தெடுத்து, அச்சுப் பிரதியையும் கையெழுத்தையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். தொகுத்தவரின் கை எந்த மாதிரி இடங்களில் நீள்கிறது என்று தெரிந்துவிடும். அதன்பிறகு மற்ற பக்கங்களில் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்று உங்களுக்கே தோன்றும். அச்சில் புள்ளிகள் வந்தால் அங்கே வெட்டு இருக்கிறது என்று புரியும். புள்ளி இல்லாமலும் வெட்டியிருப்பார்கள், அதுதான் தொல்லை.

படி 4: ஒரே நாளை மூன்று கைகளில் படியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் செய்ய நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

1798 பிப்ரவரி 4, ஞாயிறு. நார்விச்சின் கோட் லேன் கூட்ட இல்லம். அமெரிக்காவிலிருந்து வந்த வில்லியம் சேவரி என்ற குவேக்கர் பேசுகிறார். பதினேழு வயது பெட்சி கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பெட்சியின் டைரி என்ன சொல்கிறது? இன்று கடவுள் இருக்கிறார் என்று உணர்ந்தேன், என்று. எல்லா வாழ்க்கை வரலாற்றிலும் இந்த வரி வரும், ஒரு பெரிய திருப்பம் என்று.

தங்கை ரிச்செண்டா பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பை எடுங்கள். அவளுக்கு நினைவிருப்பது பெட்சியின் பூட்ஸ். ஊதா நிறம், செக்கச் சிவந்த நாடா. கூட்டத்தில் எப்போதும் நெளிந்துகொண்டிருக்கும் அக்கா அன்றைக்கு அந்த அழகான பூட்ஸைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்ததை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சேவரி பேசப் பேச அக்கா அசையாமல் ஆனதும், வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டியில் அழுததும் நமக்குத் தெரிய வருவது இந்தத் தங்கையால்தான்.

மூன்றாவது, சேவரியின் சொந்தப் பயணக் குறிப்பு. பெண்ணின் மனமாற்றம் ஒன்றும் அவர் கண்ணில் படவில்லை. தான் உட்கார்ந்ததிலேயே பகட்டான குவேக்கர் கூட்டம் இதுதான் என்று வருத்தப்பட்டுக்கொள்கிறார். எளிய உடை அணிந்தவர்கள் அங்கே ரொம்பக் குறைவு.

மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் படம் தெரிகிறது: பணக்கார வங்கிக் குடும்பம், சட்டங்களைச் சௌகரியமாகத் தளர்த்திக்கொண்ட ஊர், சலிப்போடு வந்து உட்காரும் பெண்பிள்ளைகள். சலிப்பு என்று சும்மா சொல்லவில்லை. இன்னொரு தங்கை லூயிசா பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் எழுதிய டைரி இருக்கிறது. கோட் லேன் கூட்டத்தை அவள் சுருக்கமாகக் கோட்ஸ் என்பாள், அருவருப்பு என்ற பொருள்படும் ஆங்கிலச் சொல்லை வெட்டி டிஸ் என்பாள். கோட்ஸ் இன்று டிஸ், அவ்வளவுதான் அன்றைய வழிபாட்டைப் பற்றிய அறிக்கை. பெரியவர்கள் யாரும் இதை எழுதியிருக்க மாட்டார்கள். குடும்பத் தாள்களில் குழந்தைகள் எழுதியது ஏதாவது இருந்தால் அதை முதலில் எடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகத்தான்.

மனமாற்றமும் ஒரே நாளில் முடியவில்லை. அந்த வசந்தத்தில் பெட்சி லண்டனுக்குப் போய் ஓபரா பார்த்தாள், விருந்துகளுக்குப் போனாள். செப்டம்பரில் கோல்புரூக்டேலில் டெபோரா டார்பி என்ற குவேக்கர் பெண்மணி, நீ குருடருக்கு ஒளியாக, ஊமைக்குப் பேச்சாக, முடவருக்குக் காலாக இருப்பாய் என்று சொன்ன பிறகும்கூட, எளிய உடைக்கும் பேச்சுக்கும் (அலங்காரமில்லாத உடை, எல்லோரையும் ஒருமையில் அழைக்கும் பேச்சு) வர அவளுக்குக் காலம் பிடித்தது. டைரியை மாதவாரியாகப் படித்தால் இந்த இழுபறி தெரியும். தேர்ந்தெடுத்த மேற்கோள்களை மட்டும் படித்தால் நேர்க்கோடாகத் தெரியும்.

படி 5: குழூஉக்குறிகளுக்கு உங்கள் சொந்த அகராதி

சாதாரண ஆங்கிலச் சொல் மாதிரியே இருக்கும், பொருள் வேறாக இருக்கும். கன்செர்ன் என்றால் கவலை இல்லை, கடவுள் தன்னை ஒரு காரியத்துக்கு அனுப்புகிறார் என்ற உள் உந்துதல். ஆப்பர்ச்சூனிட்டி என்றால் யாரோ ஒருவர் வீட்டில் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டு எல்லோரும் மௌனத்தில் உட்கார்வது. கே ஃபிரெண்ட் என்றால் நிறம் நிறமாக உடுத்தி, பாட்டு நடனம் என்று இருக்கும் தளர்ந்த குவேக்கர், பிளெயின் ஃபிரெண்ட் என்றால் அதற்கு நேர் எதிர். மினிஸ்டர் என்பவர் அமைச்சரும் இல்லை, சம்பளப் பாதிரியாரும் இல்லை: இவர் பேசுவது உள்ளிருந்து வருகிறது என்று சபை ஏற்றுப் பதிவு செய்த ஆள். எலிசபெத்தை 1811இல் அப்படி ஏற்றுக்கொண்டார்கள்.

இதில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. நான் வறண்டு கிடக்கிறேன், தகுதியற்றவள், தாழ்ந்து போனேன் என்றெல்லாம் பக்கம் பக்கமாக வரும். உடனே மன அழுத்தம் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். தன்னைத் தாழ்த்தி எழுதுவது குவேக்கர் டைரியின் இலக்கணம், ஜான் உல்மன் போன்ற முன்னோடிகளின் நாட்குறிப்புகளைப் படித்து வளர்ந்தவர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். அதே சமயம் எலிசபெத்துக்கு உண்மையிலேயே பயங்களும் சோர்வும் இருந்தன, பிரசவம் ஒவ்வொன்றும் அவரை ஆட்டிப் படைத்தது. எது இலக்கணம், எது வலி என்று எப்படிப் பிரிப்பது? அதே வாரத்தில் அக்கா தங்கைகளுக்கு எழுதிய கடிதத்தைப் பாருங்கள். அங்கேயும் அதே தொனி என்றால் அது வலி.

படி 6: சபையின் பதிவேட்டைத் தேடுங்கள்

குவேக்கர் அமைப்பு அடுக்கடுக்கானது: உள்ளூர்க் கூட்டம், மாதக் கூட்டம், காலாண்டுக் கூட்டம், லண்டனில் ஆண்டுக் கூட்டம். நிர்வாகம் முழுக்க மாதக் கூட்டத்தில்தான். யார் எங்கே குடிபோனார், யார் யாரைக் கல்யாணம் செய்ய அனுமதி கேட்டார், யார் கடன் கட்டவில்லை, யார் குடித்தார் என்று எல்லாமே அந்த மினிட்ஸ் புத்தகத்தில் இருக்கும். டைரி மழுப்பும் இடத்தில் இது நேராகப் பேசும்.

1828ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த நவம்பரில் ஜோசப் ஃபிரையின் வங்கி திவாலானது. ஊரெல்லாம் வதந்தி, சிறைப் பணிக்கு வந்த நன்கொடைப் பணத்தைத்தான் கணவரின் வங்கிக்குள் போட்டுவிட்டார் என்றுகூடப் பேசினார்கள். எலிசபெத்தின் டைரியில் வேதனை இருக்கிறது, ஜெபம் இருக்கிறது, அவமானம் இருக்கிறது. எவ்வளவு கடன், யாருக்குக் கடன், என்ன முடிவு என்பதற்கு அது உதவாது. அங்கேதான் அவர்கள் சேர்ந்திருந்த ராட்க்ளிஃப் – பார்க்கிங் மாதக் கூட்டத்தின் பதிவேடு வேண்டும். கடனைத் திருப்பிக் கொடுக்க முடியாமல் போவது குவேக்கர்களிடம் ஒழுக்கக் குற்றம், விசாரணை வைத்து ஜோசப்பை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். நம் ஊர் விலக்கு மாதிரி தண்ணீர் கொடுக்காமல் ஒதுக்குவது அல்ல இது. வழிபாட்டுக்கு வந்து உட்காரலாம், நிர்வாகக் கூட்டத்தில்தான் இடமில்லை. மனைவி நாடறிந்த ஊழியக்காரி, கணவர் நீக்கப்பட்டவர், இருவரும் ஒரே கூட்டத்தில் மௌனமாக உட்கார்ந்திருந்திருப்பார்கள்.

பணக் கதைக்கு இன்னும் ஒரு படி கீழே போக வேண்டும், எலிசபெத்தின் தம்பி சாமுவேல் கர்னி பக்கத்துக் கடிதங்களுக்கு. கர்னி சகோதரர்கள்தான் ஃபிரை குடும்பத்தின் தேயிலை வியாபாரத்தை எடுத்துக்கொண்டு ஜோசப்புக்கு ஒரு சம்பளம் போட்டுக் குடும்பத்தைத் தாங்கினார்கள். எலிசபெத்தும் ஜோசப்பும் தாங்கள் வாழ்ந்த பிளாஷெட் வீட்டை விட்டு அப்டன் லேனில் சின்ன வீட்டுக்கு மாறினார்கள். பிளாஷெட் இருந்தது கிழக்கு லண்டனின் ஈஸ்ட் ஹாமில். இன்றைக்குத் தமிழ்க் கடைகளும் கோயில்களும் நிறைந்த அதே ஈஸ்ட் ஹாம்தான், அங்கே பிளாஷெட் குரோவ் என்ற தெருப்பெயர் இன்னும் இருக்கிறது.

கல்யாண விஷயத்துக்கும் பதிவேடுதான் துணை. குவேக்கர் அல்லாதவரைத் தேவாலயத்தில் கட்டினால் நீக்கம், பெற்றோர் அந்தக் கல்யாணத்துக்குப் போவதும் தவறு. மகள் ரேச்சலின் கல்யாணத்துக்கு எலிசபெத் போகவில்லை. இந்த விதி 1860 வாக்கில்தான் தளர்ந்தது, எளிய உடையும் பேச்சும் அவரவர் விருப்பம் என்று ஆனதும் அதே சமயத்தில்தான். எனவே உங்கள் குடும்பத்துத் தாள்கள் 1860க்கு முன்னும் பின்னும் நீண்டால், தொனி மாறுவதை எதிர்பாருங்கள்.

சபை முறைப்படி நடந்த கல்யாணம் என்றால் சான்றிதழைக் கட்டாயம் பாருங்கள். வந்திருந்த அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். அந்த ஒரு தாளே பாதி வம்சாவளி, கூடவே ஒவ்வொருவர் கையெழுத்துக்கும் பெயர் போட்ட மாதிரி கிடைத்துவிடும். பிறப்பு, இறப்புப் பதிவேடுகளின் மூலப் பிரதிகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 6 என்ற தொகுதியில் இருக்கின்றன.

படி 7: கடிதத்தைத் தாளாகவும் பாருங்கள்

1840 ஜனவரியில் ஒரு பென்னி தபால் வரும் வரை கட்டணம் தாளின் எண்ணிக்கையையும் தூரத்தையும் பொறுத்தது, பெரும்பாலும் வாங்குபவர்தான் கட்டுவார். அதனால் ஒரே தாளில் குறுக்கே எழுதி, பிறகு தாளைத் திருப்பி அதன் மேலேயே நெடுக்காகவும் எழுதினார்கள். பார்த்தால் கண்ணைக் கட்டும். ஒரு வழி: போட்டோ எடுத்துத் திரையில் திருப்பி வைத்து, ஒரு திசை வரிகளை மட்டும் முதலில் முடித்துவிடுங்கள். இரண்டு திசையையும் மாற்றி மாற்றிப் படித்தால் எதுவும் தேறாது.

நாடாளுமன்ற உறுப்பினர் கையெழுத்திட்டால் தபால் இலவசம் என்ற சலுகையும் 1840 வரை இருந்தது. கர்னி பெண்களுக்கு இது வசதி, ஹன்னாவின் கணவர் தாமஸ் ஃபவல் பக்ஸ்டன் உறுப்பினர். உறையின் மேல் அவர் பெயர் இருப்பதாலேயே கடிதம் அவருடையது என்று எண்ணிவிடக்கூடாது.

கையெழுத்தும் ஏமாற்றும். அடிமை ஒழிப்புக்காகப் போராடிய பக்ஸ்டனின் தாள்களில் பெரும் பகுதி வீட்டுப் பெண்களின் கையில் இருக்கிறது. மகள் பிரிசில்லா செயலாளர் மாதிரி வேலை பார்த்தார். நார்த்ரெப்ஸில் இருந்த உறவுக்காரர் அன்னா கர்னி பிரதி எடுத்தார், ஆய்வு செய்தார். இவர் சிறுவயதிலிருந்தே கால் நடக்க இயலாதவர், பழைய ஆங்கிலோ-சாக்ஸன் வரலாற்றுக் குறிப்பை 1819இலேயே மொழிபெயர்த்த அறிஞர். யார் சொன்னது, யார் எழுதியது, யார் பிரதி எடுத்தது என்று மூன்று தனிப் பத்திகள் வைத்துக்கொண்டால், பெரிய மனிதரின் ஆவணம் என்று பெயர் போட்ட பெட்டியில் எவ்வளவு பெண்களின் உழைப்பு கிடக்கிறது என்று தெரியும்.

படி 8: தாள்கள் எங்கே இருக்கின்றன, எப்படிப் போவது

கர்னி, ஃபிரை தாள்களுக்கு முதல் இடம் லண்டன் யூஸ்டன் சாலையில் ஃபிரெண்ட்ஸ் ஹவுஸில் உள்ள குவேக்கர் நூலகம். எலிசபெத்தின் டைரிகளில் பல அங்கே, கர்னி கையெழுத்துத் தொகுப்பும் அங்கே, குவேக்கர் வாழ்க்கைக் குறிப்புகளின் தட்டச்சு அகராதி ஒன்றும் அங்கே இருக்கிறது. நார்விச்சில் நார்ஃபோக் ஆவணக் காப்பகம் அடுத்தது. பக்ஸ்டன் தாள்கள் ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில். அமெரிக்கக் குடும்பங்கள் என்றால் பென்சில்வேனியாவில் ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்டு கல்லூரிகள் இரண்டும். ஹேவர்ஃபோர்டு, கோப் – எவன்ஸ் குடும்பத் தாள்களை ஸ்கேன் செய்து இணையத்திலேயே வைத்திருக்கிறது, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ உட்கார்ந்துகொண்டு பழகிப் பார்க்க நல்ல இடம்.

நேரில் போவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதி, எந்த எண்ணுள்ள பெட்டி வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். சும்மா போய் ஃபிரை டைரி காட்டுங்கள் என்றால் நாள் வீணாகும். பேனா உள்ளே விடமாட்டார்கள், பென்சில் மட்டும். போட்டோ எடுக்க அனுமதியும் கட்டணமும் இடத்துக்கு இடம் மாறும், கேட்டுக்கொள்ளுங்கள். போட்டோ எடுக்கும்போது ஒவ்வொரு படத்திலும் பெட்டி எண் எழுதிய சின்ன காகிதத் துண்டு தெரியும்படி வைப்பது நல்லது. நூற்றுக்கணக்கான பழுப்பு நிறப் பக்கங்கள் போனில் சேர்ந்த பிறகு, எது எந்தப் பெட்டி என்று யாராலும் சொல்ல முடியாது.

கையெழுத்தைக் கணினி படிக்க டிரான்ஸ்கிரிபஸ் மாதிரி மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரே ஆளின் கையெழுத்து நிறைய இருந்தால் பழக்கி எடுக்கலாம். எலிசபெத்தின் எழுத்துப்பிழைகளைப் பார்த்தால் மென்பொருள் தானாகத் திருத்தப் பார்க்கும், விடாதீர்கள். 1847இல் மகள்கள் செய்த வேலையை இயந்திரம் இன்னொரு முறை செய்ய வேண்டாம்.

பெயர்த்தெழுதும்போது பிழையைப் பிழையாகவே எழுதுங்கள், அடித்த சொல்லை அடித்தபடியே காட்டுங்கள், புரியாத சொல்லுக்கு ஊகத்தை எழுதாமல் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறி போடுங்கள். அடித்த சொற்கள்தான் பல சமயம் விலைமதிப்புள்ளவை, எழுத நினைத்ததற்கும் எழுதலாம் என்று முடிவு செய்ததற்கும் இடையில் கை தடுமாறிய இடம் அது.

கிழிந்த பக்கங்களையும் எண்ணி வையுங்கள். தையலில் எத்தனை ஓரத்துண்டு மிச்சம் இருக்கிறது, அது எந்தத் தேதிக்கும் எந்தத் தேதிக்கும் நடுவில், அந்த இடைவெளியில் மாதக் கூட்டப் பதிவேட்டில் என்ன வருகிறது என்று பாருங்கள். பல நேரம் ஒன்றும் வராது. டைரியின் தாளைக் கிழித்துக் கடிதம் எழுதியிருப்பார்கள், அவ்வளவுதான். அப்படியென்றால் அந்தக் கடிதம் இன்னொரு குடும்பத்தின் பெட்டியில் இருக்க வாய்ப்புண்டு, தாளின் அளவையும் நீர்க்குறியையும் (வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரியும் முத்திரை) குறித்துக்கொண்டு அங்கே தேடப் போகலாம்.